மண்டபத்தில் பனி தேடியவர்

மண்டபம் ஸ்டேஷனில் நான் பார்சல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், ஐஸ் கட்டிக்காக ரயிலை எதிர்பார்த்து நின்றவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் அனுப்புகிறவர்கள்: கருவாட்டுச் சிப்பம், சங்கு மூட்டை, ஓலைப்பாய்க் கட்டு. அவர் மட்டும் வாங்குகிறவர். மதுரையில் சாக்கும் மரத்தூளும் சுற்றி ஏற்றும்போது இரண்டு பேர் தூக்குகிற கட்டி, பாம்பன் பாலத்துக்கு முந்தின எங்கள் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிடும். வண்டி தாமதமான நாளில் ஈரச் சாக்கு மட்டும்தான் வரும். அதற்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

சித்திரை வெயிலில் பனி வேண்டும் என்று அலைந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னை விடக் கெட்டிக்காரர். "கள்ளத்தோணி ஆளா இருக்கும்யா, ஒரு கண்ணு வையி" என்றார். இரண்டும் இல்லை. அவர் கடப்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதத்தில், நாள் முழுக்கப் பட்டினி கிடந்து சாயங்காலம் நோன்பு திறக்கும்போது, கஞ்சியோடு ஒரு துண்டு கடப்பாசி வைப்பார்கள். ஒரு வெள்ளை இழையைப் பாலிலும் சீனியிலும் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஆறிக் கட்டியாகிவிடும். வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். அந்த இழை ஜப்பானிலிருந்து கொழும்பு வழியாக வந்துகொண்டிருந்தது. யுத்த காலத்தில் நின்றது, அப்புறம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. அதை எந்தப் பாசியிலிருந்து எடுக்கிறார்களோ அந்தப் பாசி எங்கள் மண்டபம் கரையில் காலை இடறும். காலடியில் கிடப்பதை ஏன் அத்தனை தூரத்திலிருந்து வாங்கவேண்டும் என்று கீழக்கரைக்காரர்களில் இவர் ஒருவருக்கு மட்டும் தோன்றியது.

தோன்றியதோடு விட்டிருக்கலாம். எங்கிருந்தோ ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தைப் பிடித்தார். பாசியை வேகவைத்து வடிகட்டு, உறைந்த கூழை நீளமாக வெட்டு, ராத்திரி வெளியே போட்டால் பனியில் இறுகும், பகலில் நீர் உருகி ஓடி இழை மட்டும் மிஞ்சும் என்று அதில் போட்டிருந்தது. குளிர்தேசத்துக்காரன் எழுதியது. இவர் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். கடற்கரையில் ஓலைக்கொட்டகை போட்டு, மரப்பெட்டி செய்து, பெட்டிக்குள் ஐஸும் உப்பும் கொட்டி, மண்டபத்தில் ஒரு பனிக்காலத்தை உண்டாக்கப் பார்த்தார்.

ஒல்லியான உடம்பு. முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கைலி, முழங்கை வரை மடித்த சட்டை. ஐஸ் மூட்டையைப் போர்ட்டர் தொடப்போனால் கையை நீட்டித் தடுப்பார். "இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்." அவரிடம் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். தள்ளுவண்டியை அவரே இழுப்பார். அடுப்புக்கு விறகு அவரே பிளப்பார். கொட்டகைக் கூரை காற்றில் பறந்தபோது, கீற்று முடைகிறவன் வாசலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மேலே ஏறிக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தவன் நான்.

இத்தனை பாடு எதற்கு என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. கீழக்கரையில் அந்த நாளில் ஆண்பிள்ளை என்றால் கொழும்பு, ரங்கூன், மலாயா. நிக்காஹ் முடிந்து மூன்று மாதம் இருப்பான், அப்புறம் கப்பல். இரண்டு வருஷம் கழித்து வந்தால் பெற்ற பிள்ளையே யாரோ என்று பார்த்து அழும். அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்கவேண்டும். ஆக, ஊர் முழுக்கப் பெண்களின் வீடுகள், ஆண்கள் வந்துபோகிற விருந்தாளிகள். இவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்க வாப்பா முகம் எனக்குப் பெருநாளுக்குப் பெருநாளுதான் தெரியும் பார்சலய்யா" என்றார் ஒருநாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "நான் என் பொஞ்சாதியோட ஒரே ஊர்ல இருந்து சோறு திங்கணும். அதுக்கு ஒரு தொழிலு. அவ்வளவுதான்."

மாமனாருக்குக் கொழும்பில் பெரிய கடை. மாப்பிள்ளை கடலில் இறங்கிப் பாசி பிடுங்குவது அவருக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் அநியாயக்காரர் இல்லை. ஒரு தவணை கொடுத்திருந்தார். அடுத்த நோன்பு வரைக்கும் பார்க்கலாம். நோன்பு மாதத்தில் இந்தப் பாசி கீழக்கரை வீடுகளில் ஏறினால் தொழில் தொழில்தான். ஏறவில்லையென்றால் பெருநாள் கழித்து மாப்பிள்ளை தன்னோடு கப்பல் ஏறிவிட வேண்டும். கடப்பாசியை வருஷம் முழுக்க யாரும் வாங்குவதில்லை. அந்த ஒரு மாதம் தவறினால் தவறினதுதான்.

இதில் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். மனைவியோடு இருப்பதற்காகத் தொழில் தொடங்கினவர், தொழிலுக்காக மண்டபம் கொட்டகையில் தனியாகக் கிடந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ராமநாதபுரம் போய் பஸ் மாறிக் கீழக்கரை போவார், சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். "பாய், கொழும்புக்குப் போனாலாவது சேர்ந்தாப்புல ரெண்டு மாசம் லீவு கிடைக்கும்" என்று சீண்டினேன். சிரித்தார்.

அருளாயி என்று பாம்பன்காரி ஒருத்தி, ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பாசி எடுக்க வந்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கடலில் நிற்கிறவர்கள். அவர்கள் கொண்டுவந்து கொட்டியதை இவர் மறுபடி உட்கார்ந்து பிரிப்பார். மண் இருக்கிறது, வேறு பாசி கலந்திருக்கிறது, நுனி முற்றிவிட்டது. திட்டமாட்டார், ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். அவர்களை நிற்கவைத்துவிட்டுத் தானே பிரிப்பார். ஒருநாள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தானே பறிக்க ஆரம்பித்தார். மறுவாரம் அந்தப் பெண்கள் வரவில்லை.

அருளாயி ஸ்டேஷன் பக்கம் வந்தபோது கேட்டேன். "பாயி தங்கமான மனுசருய்யா. கூலியில கொற இல்ல. ஆனா எங்க கையி மேல அவருக்கு நம்பிக்கை இல்லையே. வேலைக்கி வந்தவளக் கரையில நிறுத்திட்டு அவரே கடல்ல எறங்குனா, நாங்க எதுக்கு? வேடிக்க பாக்கவா?" என்றாள். நான் அதை அவரிடம் சொன்னேன். பாறையும் சிப்பியும் கிழித்த காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, "பாவம், அவுகளுக்கு எதுக்குச் செரமம்" என்றார். காதில் ஏறவே இல்லை.

ராமநாதபுரம் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் ஒருநாள் கொட்டகைக்கே வந்தார். "நீங்க காச்சுங்க பாய், நான் விக்கிறேன். ரெண்டு பேருமாச் சேந்து செய்வம். ஒங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு என்னிடம், "விக்கிறதுக்கு நமக்கு வாயில்லையா?" என்றார். உண்மையில் அவருக்கு வாய் இல்லை. கடையில் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரராகப் பார்த்து என்ன வேணும் என்று கேட்கிற வரைக்கும் ஓரமாக நிற்பார். ஒரு கடையில் அவரைச் சாமான் வாங்க வந்தவர் என்று நினைத்து அரைப்படி பருப்பு அளந்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்கால வண்டியை அனுப்பிவிட்டு நான் கொட்டகைக்குப் போவேன். பரமக்குடிப் பக்கத்து ஆள் நான், அந்தக் கரையில் எனக்கும் பேச்சுத்துணை கிடையாது. அவர் தேத்தண்ணி போட்டுத் தருவார். குடித்த டம்ளரைக் கழுவ விடமாட்டார். அந்தக் கொட்டகையில் நான் உருப்படியாகச் செய்தது எதுவுமே இல்லை. அவர் வேலை செய்வார், நான் உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஒரு மணி நேரம் இருவரும் பேசாமலே இருப்போம். கடல் சத்தமும் அடுப்புச் சத்தமும் மட்டும் கேட்கும். எனக்கு அவர் மேல் பிரியம் இருந்தது. அவருக்கு என் மேல் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும். ஆனால் என்னால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அது ஒரு மாதிரியான வருத்தம்.

பத்துப் பதினைந்து தடவை கூழாகவும் பசையாகவும் கெட்டுப்போன பிறகு, ஒரு மத்தியானம் பார்சல் ஆபீசுக்குள் ஓடிவந்தார். கையில் மூன்று வெள்ளை இழைகள். ஆபீசைப் பூட்டிக்கொண்டு அவரோடு ஓடினேன். பாலில் காய்ச்சித் தட்டில் ஊற்றினார். கட்டியாயிற்று. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"வாடை கீடை அடிக்குதா?" என்றார்.

"ஒண்ணுமில்லையே பாய்."

பொய் சொல்லவில்லை. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. நான் இரண்டு வருஷமாகக் கருவாட்டுச் சிப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். அவர் பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர். மண்டபம் கரை முழுக்கத் தேடியிருந்தாலும் அந்தக் காரியத்துக்கு உதவுகிற ஒரு மூக்கு கிடைத்திருக்காது. அது எங்கள் இருவருக்கும் அன்று தோன்றவில்லை. "வீட்டம்மாகிட்ட ஒருதரம் குடுத்துப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் சும்மா பேச்சுக்கு.

"முழுசா வரட்டும். நோம்பு பிறந்ததும் பெட்டியோட அவ கையில குடுக்கணும்" என்றார். முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

நோன்பு பிறந்தது. கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கடைகளில் பொட்டலம் போட்டுவிட்டார். மூன்றாம் நோன்பன்று சாயங்காலம் என்னையும் மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆண்கள் உட்காரும் முன்கட்டில் பாய் விரித்திருந்தது. மாமனார் கொழும்பிலிருந்து வந்திருந்தார். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் எடுத்தார்கள், கஞ்சி குடித்தார்கள். பிறகு உள்ளிருந்து தட்டுகள் வந்தன. ரோஜா நிறத்தில், ஏலக்காய் தூவி, அழகாக வெட்டின துண்டுகள். அவர் யாரையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எடுத்தவர் வாயில் போட்டு அப்படியே நிறுத்தினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுத்தவர் மூக்குக்குக் கொண்டுபோய்விட்டுத் தட்டிலேயே வைத்தார். கடைசியில் ஒரு பெரியவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "மாப்புள கடலையே கொண்டாந்து தட்டுல வச்சிட்டாகப்பா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அது மரியாதைக்காக.

மாப்பிள்ளை தன் தட்டை எடுத்து முழுக்கச் சாப்பிட்டார். பக்கத்துத் தட்டையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இப்போதும் எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. "அடுத்த காச்சல்ல சரியாயிரும்" என்றார் பொதுவாக எல்லாரிடமும். "நான் பாத்துக்கிறேன்." அந்த வாரத்துக்குள் கடைகளிலிருந்து பொட்டலங்கள் எல்லாம் திரும்பிவந்தன. நோன்பு முடிகிற வரைக்கும் அவர் ராப்பகலாகக் காய்ச்சினார். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்தார். அவர் மூக்கு அவரிடம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியது.

பெருநாள் கழித்து ஒருநாள், கொழும்புக் கப்பலுக்குப் போகிற போட் மெயிலில் மாமனாரோடு போனார். எங்கள் ஸ்டேஷனில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். "சாமானெல்லாம் அங்கனயே கெடக்கட்டும். ரெண்டு வருசத்துல வந்து நான் பாத்துக்கிறேன்." அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை, நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியான வண்டியில் அவர் பேருக்கு ஐஸ் வந்தது. நிறுத்தச் சொல்லி மதுரைக்கு எழுத மறந்திருக்கிறார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிளாட்பாரத்து ஓரத்தில் வைத்தேன். பொழுது சாய்வதற்குள் கரைந்துபோயிற்று.

அடுத்த நோன்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஸ்டேஷன் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஜன்னலுக்கு வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே வெள்ளைத் துப்பட்டி போர்த்தி இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் அவருடைய மனைவி, மற்றவர் மாமியார். திரைக்குள்ளிருந்து இளங்குரல் பேசியது.

"சாவி ஒங்ககிட்ட இருக்குன்னாக. அந்தப் பெரிய தேக்சாப் பானை நாலும், வடிகட்டுத் துணியும் வேணும்."

எதற்கு என்று கேட்டேன். பதிலாக ஒரு பொட்டலம் திரைக்கு வெளியே வந்தது. பிரித்தேன். கண்ணாடி மாதிரி மெல்லிய, வெள்ளை வெளேரென்ற ஏடுகள்.

"மோந்து பாருங்க."

"எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா" என்றேன்.

உள்ளே அந்தக் குரல் மெல்லச் சிரித்தது. "வாடை இல்ல. அரிசி களைஞ்ச தண்ணி புளிச்சதும் அதுல ரெண்டு நாளு ஊறப்போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அலசணும். மீன் கவிச்சிக்கு நாங்க செய்யிறதுதான். இப்ப எங்க தெருவுல ஆறு வீட்டுல காச்சுறோம். அருளாயி வந்து பாசி போட்டுட்டுப் போறா. ராம்நாட்டுக் கடைக்காரர் பூராவையும் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"ஐஸ்?"

"ஐஸு எதுக்கு? தட்டுல மெல்லிசா ஊத்தி மொட்டமாடியில வச்சா ரெண்டு வெயில்ல காஞ்சிருது."

எத்தனை ஐஸ் கட்டிகளுக்கு நான் சீட்டுக் கிழித்திருக்கிறேன். "இதை அவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

"சொல்லாம இருப்பேனா? வெள்ளிக்கெழம அவுக சட்டையத் தொவைக்கப் போட்டாலே வாடை கொடலப் பெறட்டும். கொஞ்சம் பாசி கொண்டாங்க, நான் செஞ்சு பாக்குறேன்னு கேட்டேன். ஒனக்கெதுக்குச் செரமம், நான் பாத்துக்கிறேன்னுட்டாக."

சாமான்களை எடுத்து ஏற்றினோம். கார் புறப்படும்போது மறுபடி அந்தக் குரல். "அவுகளுக்கு நீங்க காயிதம் போடுவீகன்னு தெரியும். இத மட்டும் எழுதிறாதீக. எனக்கு அவுக வரவேணாம்னா இருக்கு? ஆனா இப்பச் சொன்னா மறு கப்பல்லயே வந்து நிப்பாக. ஆறு வீட்டு அடுப்பையும் அவுக கையில எடுத்துக்குவாக. ரெண்டு நோம்பு போகட்டும். தொழிலு காலூனிருச்சுன்னா நானே எழுதுறேன்." எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வருஷ நோன்புக்குக் கீழக்கரையில் ஜப்பான் இழையை யாரும் தேடவில்லை என்று கேள்விப்பட்டேன். பெருநாளுக்கு எனக்கு ஒரு தட்டு வந்தது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் அதைச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து அவர் கடிதம் வந்தது. எப்போதும் இரண்டு வரிதான் எழுதுவார்: நலம், கடையில் வேலை அதிகம். இந்தத் தடவை ஒரு பக்கம் எழுதியிருந்தார். கடை மாடியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், ராத்திரியில் அந்தப் பாசி நினைப்பாகவே இருக்கிறது, ஏன் கெட்டது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். "அந்த வாடையைப் போக்க என்ன வழி என்று யாரிடமாவது கேட்டு எழுதுங்கள், பார்சலய்யா. தெரிந்தவர்கள் இருந்தால் நான் வந்து அவர்களிடம் கற்றுக்கொள்கிறேன்."

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். கீழக்கரைக்கு அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். படித்தால் அந்தப் பெண் மனம் இளகிவிடும். இளகினால் அவர் வந்துவிடுவார். வருகிறவர் கடிதத்தில் எழுதியிருக்கிற மனிதரா, கொட்டகையில் நான் பார்த்த மனிதரா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆறு வீட்டு அடுப்பை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நன்றாக விசாரித்துவிட்டேன், இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று அவருக்கு எழுதிப் போட்டேன். நான் அறிய, அவர் இன்னொரு மனிதரிடம் உதவி என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். அது தெரிந்துதான் அப்படி எழுதினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.